காசு கட்டினால் அந்தரங்கம் கிடைக்குமா?

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு விபிஎன் என்ற சொல் எப்போது வந்தது என்று கேட்டால், எங்கள் வயசுக்காரர்கள் மாதத்தோடு சொல்லிவிடுவோம். 2018 மார்ச். கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்த வாரம். வன்முறையைத் தூண்டும் பதிவுகளைத் தடுக்கிறோம் என்று அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றையும் மறித்தது. நாங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். ரெண்டு நாள் ஆகவில்லை, யாரோ ஒரு அண்ணன் ஷெயார்இட்டில் அனுப்பிய ஒரு ஆப் லயம் லயமாகப் பரவிவிட்டது. அதை ஓன் பண்ணினால் வட்ஸ்அப் வேலை செய்யும். கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணனோடு பேச வேண்டும், குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அம்மாவோடு பேச வேண்டும். அந்த ஆப்பை யார் செய்தது, ஏன் சும்மா தருகிறார்கள் என்று அந்த நேரத்தில் யார்தான் யோசிப்பார்கள்?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மறுபடியும் மறித்தார்கள். 2022 ஏப்ரல் 3, காஸ் இல்லை, டீசல் இல்லை, கரண்ட் இல்லை என்று நாடே வீதிக்கு இறங்கத் தயாரான ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரடங்கோடு சேர்த்து சமூக ஊடகங்களையும் மறித்தார்கள். அன்றைக்கு அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே, விபிஎன் இருக்கும்போது இந்தத் தடையால் ஒரு பயனும் இல்லை, தானும் இப்போது அதைத்தான் பாவிக்கிறேன் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். அன்று பின்னேரமே தடையை எடுத்துவிட்டார்கள்.

ஆக, எங்கள் தலைமுறைக்கு விபிஎன் என்றால் பெரிய கேட்டைப் பூட்டினால் இறங்கிப் போகிற குறுக்குப் பாதை. அவ்வளவுதான். ஆனால் இப்போது அதே சாமானை வேறு பெயர் சொல்லி விற்கிறார்கள். யூடியூபில் எந்தத் தமிழ் டெக் வீடியோவைப் பார்த்தாலும் நடுவில் ஒரு நிமிஷம் அந்த விளம்பரம் வருகிறது. உங்கள் போனை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பஸ் ஸ்டாண்ட் வைஃபையில் ஹேக்கர் உட்கார்ந்திருக்கிறான், மாதம் இவ்வளவு டொலர் கட்டினால் உங்கள் அந்தரங்கம் பத்திரம் என்று சொல்கிறார்கள். பாதை விற்றவர்கள் இப்போது பாதுகாப்பு விற்கிறார்கள்.

நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிறோம். கொம்பியூட்டர் எங்கள் பாடம் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை எங்களால் தள்ளிவைக்க முடியவில்லை. எங்களில் ஒருத்தி தோட்டச் சம்பளம் பற்றியும் லயன் வீடுகள் பற்றியும் பேஸ்புக்கில் எழுதுகிறவள். அவளுடைய அம்மாவும் அப்பாவும் இன்னும் தோட்டத்தில் பேர் போடுகிறவர்கள். எழுதின ஒவ்வொரு தடவையும் வீட்டிலிருந்து போன் வரும். "நீ படிக்கத்தானே போன? ஆபீசுல கூப்பிட்டு கேட்டா நாங்க என்னா சொல்றது?" அவளுக்காகத்தான் போர்டிங் அறையில் நாலு பேர் சேர்ந்து ஒரு நல்ல விபிஎன் வாங்கலாமா என்ற பேச்சு வந்தது. ஒரு கணக்கை நாலைந்து போனில் போடலாம், காசைப் பிரித்துக் கட்டலாம். வாங்குவதற்கு முதல் கொஞ்சம் தேடிப் படிப்போம் என்று உட்கார்ந்தோம். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

விபிஎன் என்ன செய்கிறது என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு உதாரணம் இருக்கிறது. எத்தனையோ லயன் அறைகளுக்குச் சொந்த விலாசம் கிடையாது. தோட்டத்துப் பெயர், டிவிசன் பெயர், அவ்வளவுதான். கடிதம் தோட்டத்துக்கு வரும். அங்கிருந்து கைமாறிக் கைமாறி வீட்டுக்கு வரும். சில நேரம் வராது. நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்ட கடிதம் திகதி முடிந்த பிறகு கிடைத்த கதை எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் ஒன்று இருக்கும். கடிதத்தைக் கொண்டுவருகிறவர் உறையைப் பிரிக்க வேண்டியதில்லை. யாருக்கு பாங்கிலிருந்து கடிதம் வந்தது, யாருக்கு நீதிமன்றத்திலிருந்து வந்தது, யாருக்கு வெளிநாட்டிலிருந்து வந்தது என்பது வெளி விலாசத்திலேயே தெரிந்துவிடும். லயம் முழுக்கப் பேச அது போதும்.

இன்டர்நெட்டும் ஏறக்குறைய இப்படித்தான். இன்றைக்குப் பெரும்பாலான இணையத்தளங்கள் பூட்டுப் போட்டுத்தான் வருகின்றன. நாம் எழுதும் பாஸ்வேர்டையும் படிக்கும் பக்கத்தையும் நடுவில் இருக்கிறவர் சும்மா பார்த்துவிட முடியாது. அது ஒட்டிய உறை. வட்ஸ்அப் செய்திகளுக்கு 2016 இலிருந்தே அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் மட்டும் திறக்கும் பூட்டு இருக்கிறது. ஆனால் நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம், எத்தனை மணிக்குப் போகிறோம், எவ்வளவு டேட்டா போகிறது என்பது சிம் கொம்பனிக்குத் தெரியும். அது உறையின் வெளிப்பக்கம். இலங்கையில் சிம் எடுக்க அடையாள அட்டை கொடுக்கிறோம். ஆக, வெளிப்பக்கம் எழுதியிருப்பது யாருடையது என்றும் கொம்பனிக்குத் தெரியும்.

விபிஎன் போட்டால் நம்முடைய எல்லாக் கடிதங்களும் இன்னொரு பெரிய உறைக்குள் போகின்றன. அந்தப் பெரிய உறையில் விபிஎன் கொம்பனியின் விலாசம் மட்டும்தான். சிம் கொம்பனி அதைத்தான் பார்க்கும். விபிஎன் கொம்பனி அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் கடிதங்களை அங்கங்கே அனுப்பும். இப்போது வெளி விலாசங்களை எல்லாம் பார்க்கிறவர் யார்? விபிஎன் கொம்பனிதான். கடிதம் போய்ச் சேருகிற இடம் பேஸ்புக் என்றால், பேஸ்புக் உள்ளே இருப்பதை எப்போதும் போலப் படிக்கும். அங்கே நம்முடைய பெயரில், நம்முடைய போன் நம்பரில்தானே போய் நிற்கிறோம்.

இந்தத் தொழிலின் மொத்தமும் இதுதான். பை சுமக்கிற ஆளை மாற்றுகிறோம். முதல் ஆளை நமக்குப் பிடிக்கவில்லை, ரெண்டாவது ஆளை நம்புகிறோம் என்றால் மாற்றலாம். ஆனால் அந்த ரெண்டாவது ஆள் யார்?

சும்மா தருகிறவர்களை முதலில் பார்ப்போம். 2016 இல் அவுஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனமும் வேறு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 283 அண்ட்ராய்ட் விபிஎன் ஆப்களைப் பரிசோதித்தார்கள். 38 வீதமானவற்றில் தீங்கான மென்பொருளின் அடையாளம் இருந்தது. 75 வீதமானவற்றில் பாவிக்கிறவரைப் பின்தொடரும் கருவிகள் இருந்தன. 18 வீதமானவை உறையை ஒட்டவே இல்லை, திறந்தபடிதான் அனுப்பின. பேஸ்புக் கொம்பனி ஒனாவோ என்ற இலவச விபிஎன்னை 2013 இல் வாங்கியது. பாதுகாப்பு என்று சொல்லி விநியோகித்து, மக்கள் வேறு எந்தெந்த ஆப்களைப் பாவிக்கிறார்கள் என்று அதன் வழியாகப் பார்த்தது. 2023 இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக அதன் துணை நிறுவனங்களுக்கு 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. லயம் லயமாக ஷெயார்இட்டில் பரவிய ஆப்கள் எல்லாம் இந்தக் காலத்து இலவச ஆப்கள்தான்.

"அது சும்மா கிடைக்கிறது, அப்படித்தான் இருக்கும். காசு கட்டினால் சேஃப் தானே?" இதை எங்களிடம் கேட்டது எங்களில் ஒருவருடைய தம்பி. ஹாலி-எலயில் ஏஎல் படிக்கிறான். நியாயமான கேள்வி. பதில் மட்டும் ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடியாது.

காசு வாங்குகிற எல்லாக் கொம்பனியும் ஒரே வாக்குறுதியைத்தான் தருகிறது: நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று நாங்கள் குறித்து வைப்பதில்லை. பியூர்விபிஎன் அப்படித்தான் சொன்னது. 2017 இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணை இணையத்தில் துன்புறுத்திய ஆளை எஃப்பிஐ பிடித்தபோது, அந்தக் கொம்பனியின் பதிவேடுகள்தான் உதவின. பிடிபட்ட ஆள் பிடிபட வேண்டியவன். அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. எங்கள் கவலை, குறித்து வைப்பதில்லை என்று சொன்ன இடத்தில் குறிப்பு இருந்தது என்பதுதான். 2020 இல் ஹொங்கொங்கோடு தொடர்புடைய யூஎஃப்ஓ விபிஎன் உட்பட ஏழு சேவைகளின் தரவுகள் பூட்டில்லாத ஒரு சர்வரில் கிடந்தன. எல்லாமே பதிவு வைப்பதில்லை என்று விளம்பரம் செய்தவை.

மறுபக்கமும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் சுவீடன் பொலிஸார் தேடுதல் உத்தரவோடு முல்வாட் என்ற விபிஎன் கொம்பனியின் அலுவலகத்துக்குப் போனார்கள். கேட்ட தரவு எங்களிடம் இல்லை என்று கொம்பனி விளக்கியது. பொலிஸார் வெறுங்கையோடு திரும்பினார்கள். அங்கே கணக்குத் திறக்கப் பெயரும் வேண்டாம், ஈமெயிலும் வேண்டாம். ஒரு இலக்கம் தருவார்கள், மாதம் 5 யூரோ. சொன்னபடி நடக்கிற கொம்பனிகளும் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் எந்தக் கொம்பனி சொன்னபடி நடந்தது என்பது இப்படிப் பொலிஸ் கதவைத் தட்டும் நாளில்தான் வெளியே தெரிகிறது. அதுவரை நாம் காசு கொடுத்து வாங்குவது ஒரு வாக்கு மட்டும்தான்.

எது நல்லது என்று கூகுளில் தேடினால் வரும் பட்டியல்களையும் கொஞ்சம் யோசித்துத்தான் படிக்க வேண்டும். கேப் டெக்னாலஜீஸ் என்று ஒரு கொம்பனி. முன்னர் குரொஸ்ரைடர் என்று பெயர். அந்தக் காலத்தில் அதன் மென்பொருள் மேடை தொந்தரவு விளம்பரங்களைப் புகுத்தப் பாவிக்கப்பட்டது. பிறகு பெயரை மாற்றி விபிஎன் கொம்பனிகளை வரிசையாக வாங்கியது: சைபர்கோஸ்ட், பிரைவட் இன்டர்நெட் அக்சஸ், 2021 இல் 93 கோடி 60 லட்சம் டொலருக்கு எக்ஸ்பிரஸ்விபிஎன். அதே வருஷம் விபிஎன்களுக்குப் புள்ளி போடும் விபிஎன்மென்டர் போன்ற தளங்களை நடத்திய நிறுவனத்தையும் வாங்கியது. கொழுந்து நிறுக்கிற தராசும், கொழுந்து வாங்குகிற ஆளும் ஒரே கைக்குள் இருந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் அம்மாமாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

பஸ் ஸ்டாண்ட் ஹேக்கர் கதையையும் பார்ப்போம். நோர்ட்விபிஎன் ஒரு விளம்பரத்தில் ரயிலில் போகும் ஒருவன் தன்னுடைய சொந்த விபரங்களை வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பதாகக் காட்டியது. பொது வைஃபையின் ஆபத்தை மிகைப்படுத்தி மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று 2019 இல் பிரித்தானிய விளம்பரத் தர ஆணையம் அந்த விளம்பரத்தை மறுபடி காட்டக்கூடாது என்றது. ஒட்டிய உறைதான் இப்போது வழக்கம் என்று மேலே சொன்னோமே, காரணம் அதுதான். பொது வைஃபையில் ஆபத்தே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. விளம்பரத்தில் காட்டுகிற அளவு இல்லை.

இனி விலை. மாதத்துக்கு மாதம் கட்டினால் பெயர்பெற்ற கொம்பனிகள் பன்னிரண்டு, பதின்மூன்று டொலர் கேட்கின்றன. நம்முடைய காசில் நாலாயிரம் ரூபாய்க்குக் கிட்ட. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அந்தக் கணக்கில் ஏறக்குறைய மூன்று நாள் முழுப்பேர். ரெண்டு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மலிவு என்பார்கள். மொத்தமாகக் கட்டக் காசு இருக்கிற வீட்டுக்குத்தான் அந்த மலிவு. அதுவும் வெளிநாட்டுக்குக் கட்டக்கூடிய கார்ட் வேண்டும். எங்களில் பாதிப் பேரிடம் அது இல்லை. அதனால் கணக்கைப் பிரித்து விற்கிற ஆட்கள் வட்ஸ்அப் குழுக்களில் வருகிறார்கள். முன்பின் தெரியாத பத்துப் பேர் ஒரே பாஸ்வேர்டோடு ஒரு அந்தரங்கச் சேவையைப் பாவிப்பார்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலான பையன்கள் உண்மையிலேயே காசு கொடுத்து வாங்குவது இந்தப் பெரிய கொம்பனிகளிடம் இல்லை. வீ டூ ரே என்று சொன்னால் தெரியும். கொரோனா காலத்தில் இது வேர்விட்டது. 2021 இல் லுணுகலைப் பக்கம் பிள்ளைகள் சிக்னல் பிடிக்கக் காட்டுக்குள் மலையுச்சியில் இருந்த மரவீட்டில் ஏறி வகுப்புக்குப் போன செய்தி உலகமெல்லாம் போனது. சிக்னல் கிடைத்த இடத்தில் டேட்டா இல்லை. ஸூமுக்கு மட்டும், யூடியூபுக்கு மட்டும், பேஸ்புக்குக்கு மட்டும் என்று மலிவுப் பக்கேஜ்கள் இருந்தன. மற்ற எல்லா டேட்டாவையும் ஸூம் மாதிரி வேஷம் போட்டு அந்தப் பக்கேஜுக்குள் அனுப்பும் தந்திரத்தைச் சிலர் கண்டுபிடித்து, டெலிகிராம் குழுக்களில் மாதம் சில நூறு ரூபாய்க்கு விற்கத் தொடங்கினார்கள். வறுமை கண்டுபிடித்த குறுக்குப் பாதை. அது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை.

ஆனால் அந்தரங்கக் கணக்கில் அது என்ன என்று பாருங்கள். எங்கேயோ சிங்கப்பூரில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்த, முகம் தெரியாத ஒரு தம்பியின் கை வழியாக நம்முடைய முழு இன்டர்நெட்டும் போகிறது. பூட்டிய ஒரு கோப்பு தருவார்; அதை ஆப்பில் போட வேண்டும்; உள்ளே எந்த சர்வர் இருக்கிறது என்று வாங்கினவருக்கே தெரியாது. கொம்பனி என்றால் பெயராவது இருக்கும், நாடு இருக்கும், வழக்குப் போட ஒரு விலாசம் இருக்கும். இங்கே டெலிகிராம் பெயர் ஒன்றுதான். நாளைக்கு அதையும் மாற்றிவிட்டால் முடிந்தது. விபிஎன் பற்றிப் பேசினால் எங்கள் ஊரில் முதலில் பேச வேண்டியது இதைத்தான். வெளிநாட்டு விமர்சனங்களில் இது வராது.

இவ்வளவும் படித்த பிறகுதான் அடிப்படைக் கேள்விக்கு வந்தோம். எங்களை உண்மையிலேயே யார் பார்க்கிறார்கள்?

எங்கள் சமூகத்துக்குப் பார்க்கப்படுவது புதிசு இல்லை. கோப்பிக் காலத்திலிருந்து ஒவ்வொரு ஆளும் ஏதோ ஒரு பதிவேட்டில் இருந்திருக்கிறார். செக்ரோலில் பேர், பிரட்டுக்களத்தில் கணக்கு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக, கடன் தொகை எழுதிய "துண்டு" வேண்டும் என்ற முறை 1921 இல்தான் சட்டப்படி ஒழிந்தது. நம்மைப் பற்றிய தகவல் நம்மிடம் இல்லாமல் இன்னொருவர் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் முப்பாட்டன்மார் உடம்பாலேயே படித்தார்கள். வீட்டுக்குள்ளும் அப்படித்தான். ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை. இஸ்தோப்பில் பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். தனியாக ஒரு போன் பேச வேண்டும் என்றால் பீலிக்கரைக்கோ தேயிலை மலைக்கோதான் போக வேண்டும். கதவு உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தரங்கம் இருக்கிறது, அதைக் காக்கிறார்கள். எங்களுக்கு அதை முதலில் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

அப்படிப் பார்த்தால், எங்களுக்குத் தெரிந்த பிள்ளைகளுக்கு நடந்த எந்தப் பிரச்சினையும் சிம் கொம்பனி உறையின் வெளிப்பக்கத்தைப் பார்த்ததால் வந்தது இல்லை. பசறைப் பக்கத்தில் ஒரு தங்கச்சியின் புரொஃபைல் படத்தை எடுத்து வேறு பெயரில் கணக்குத் திறந்தார்கள். அது எல்லாருக்கும் திறந்திருந்த படம். போன் திருத்தக் கொடுத்த கடையிலிருந்து படங்கள் வெளியே வந்தன. வெளிநாட்டு வேலைக்கு என்று அடையாள அட்டைப் படமும் பாஸ்போர்ட் படமும் முகம் தெரியாத ஏஜென்டுக்கு வட்ஸ்அப்பில் போயின. பரிசு விழுந்திருக்கிறது என்று போன் செய்தவனுக்கு ஒரு அம்மா ஓடிபி இலக்கத்தை வாசித்துக் காட்டினார். கடன் ஆப் ஒன்று போனில் இருந்த எல்லா நம்பரையும் எடுத்து, மாமா சித்தப்பாவுக்கெல்லாம் கோல் எடுத்து மானத்தை வாங்கியது. காதலிக்கும்போது கொடுத்த பாஸ்வேர்ட், பிரிந்த பிறகு கத்தியானது. இதில் எந்த இடத்தில் விபிஎன் வந்து நின்றிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் நடந்தவை.

சரி, எழுதுகிற எங்கள் தோழிக்கு? அரசியல் எழுதுகிறவளுக்காவது உதவுமா? இங்கே றம்ஸி ராசீக்கின் வழக்கை நினைக்க வேண்டும். ஓய்வுபெற்ற அரச ஊழியர். பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போராட்டம் நடத்த வேண்டும் என்று பேஸ்புக்கில் எழுதினார். 2020 ஏப்ரல் 9ஆம் திகதி கைது செய்தார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்பளித்து, 10 லட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அவரைக் கண்டுபிடிக்க ஐபி முகவரி தேடும் அவசியமே இருக்கவில்லை. அவர் தன்னுடைய சொந்தப் பெயரில் எழுதினார். அவரைப் பாதுகாக்கக்கூடியதாக இருந்தது எந்த ஆப்பும் இல்லை. ஒழுங்கான சட்டமும், சட்டத்தை மதிக்கும் பொலிஸும், கேட்டவுடன் பிணை கொடுக்கும் நீதிமன்றமும்தான். அது கடைசியில் கிடைத்தது. மூன்றரை வருஷம் பிந்தி.

எங்கள் தோழியும் சொந்தப் பெயரில்தான் எழுதுகிறாள். தோட்ட ஆபீசில் யாராவது அதைப் படித்தால், அது அவளுடைய பக்கத்து லயத்து நண்பர்களில் ஒருவர் காட்டியதாகத்தான் இருக்கும். அதை மறைக்க எந்த நாட்டு சர்வராலும் முடியாது.

சட்டம் பற்றிப் பேசினோம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 2022 இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க ஒரு சட்டம் வந்தது, 9ஆம் இலக்கம். 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது, அதுவும் 9ஆம் இலக்கம். ரெண்டாவது, நாம் இணையத்தில் என்ன சொல்லலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது; எதிர்ப்புகளுக்கு நடுவில் ஜனவரி 24ஆம் திகதி 108 வாக்குகளால் நிறைவேற்றி, அடுத்த மாதமே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். முதலாவது, நம்மைப் பற்றிய தகவலை மற்றவர் எப்படி வைத்திருக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளித் தள்ளிப் போனது. நம்முடைய வாய்க்குச் சட்டம் வந்த வேகம் நம்முடைய தரவுக்கு வரவில்லை. கடன் ஆப்புக்கும் போன் கடைக்கும் போட்டோகொபிக் கடைக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை வருவது அந்த முதலாவது சட்டத்தால்தான். இதைப் பற்றித் தமிழில், அதுவும் மலையகத்தில், பேச்சே இல்லை.

இந்தியாவிலும் கதை லேசு இல்லை. 2022 ஏப்ரலில் சேர்ட்-இன் அமைப்பு, விபிஎன் கொம்பனிகள் வாடிக்கையாளரின் பெயர், விலாசம், ஐபி முகவரி எல்லாவற்றையும் 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நோர்ட் எல்லாம் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. ஒரு விபிஎன்னின் வாக்கு எவ்வளவு தூரம் போகும் என்பது அது நிற்கிற நாட்டின் சட்டத்தையும் பொறுத்தது. இதே மாதிரி உத்தரவு இங்கே வர ஒரு பேனாக் கீறல் போதும்.

அப்படியென்றால் விபிஎன் வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. 2022 ஏப்ரல் 3 போல ஒரு நாள் மறுபடி வந்தால் அது வேண்டும், கட்டாயம் வேண்டும். அந்த நாளில் தேடி ஓடாமல், நம்பக்கூடிய ஒன்றை முன்கூட்டியே போனில் போட்டு வைப்பது புத்தி. போர்டிங் வைஃபையை நடத்துகிறவர் நாம் எங்கே போகிறோம் என்று பார்க்கக்கூடாது என்றாலும் உதவும். ஒரு தளத்துக்கு நம்முடைய ஊர் தெரியக்கூடாது என்றாலும் உதவும். ஆபத்தான செய்தி சேகரிக்கிற பத்திரிகையாளருக்கு அது தேவையான கருவிகளில் ஒன்று, ஒன்று மட்டும்தான். நாள் முழுக்க ஓன் பண்ணி வைத்தால் இன்னொரு செலவும் வரும்: பேஸ்புக், வட்ஸ்அப் பக்கேஜை அது அடையாளம் காணவிடாது, வெட்டுகிறது மெயின் டேட்டாவில்தான். ரீலோட் கணக்குப் பார்த்து வாழ்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

நாங்கள் கடைசியில் காசு கட்டவில்லை. நாலாயிரம் ரூபாயைப் பிரித்துக் கட்டுவதற்குப் பதிலாக, ஒரு பின்னேரம் நாலு பேரும் போன்களை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். எல்லா வட்ஸ்அப்பிலும் ரெண்டாம் கட்டப் பின் நம்பர் போட்டோம். எந்த ஆப் எதற்கு நம்முடைய நம்பர்களையும் இடத்தையும் கேட்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நிறுத்தினோம். குடும்பப் படங்களைப் பொதுவிலிருந்து எடுத்தோம். அடையாள அட்டைக் கொபி கொடுத்தால் அதன் மேலே எதற்காக, எந்தத் திகதியில் கொடுத்தது என்று குறுக்கே எழுதிக் கொடுப்பது என்று பேசிக்கொண்டோம். எழுதுகிற தோழி, வீட்டுக்கு ஆபத்து வரக்கூடிய விஷயத்தை எழுதும்போது தோட்டத்துப் பெயரையும் ஆட்களை அடையாளம் காட்டும் விபரத்தையும் விடுவது என்று முடிவு செய்தாள். எழுதுவதை நிறுத்துவதில்லை என்றும் முடிவு செய்தாள். லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது இதே வேலையை அம்மாமாரின் போன்களுக்கும் செய்கிறோம். விபிஎன் சிக்கலை விட ஓடிபி சிக்கலை விளக்குவதுதான் நேரம் எடுக்கிறது.

அந்தத் தம்பிக்கு எங்கள் பதில் இதுதான்: காசு கட்டினால் நல்ல ஆளாகப் பார்த்துப் பையைக் கொடுக்கலாம், ஆனாலும் பை ஒருவர் கையில்தான் இருக்கும். யார் அவர், எந்த நாட்டில் இருக்கிறார், நாளைக்கு அவரைக் கேள்வி கேட்க முடியுமா என்று பார்த்துக் கொடு. வீ டூ ரேக்காரனை முதலில் நிறுத்து. பிறகு அந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படி; நாங்களும் படித்துக்கொண்டிருக்கிறோம். லயத்துக்குச் சொந்த விலாசம் கேட்டதைப் போல, நம்முடைய தகவலுக்கும் நாம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதை எந்தக் கொம்பனியும் மாதச் சந்தாவுக்குத் தரப்போவதில்லை.